புளூ பேட்ஜுடன் லெஸ்டரிலிருந்து கிளாஸ்கோ, லண்டன், கார்டிஃப்: எந்த ஊரில் எந்த விதி?

மிட்லண்ட்ஸ்மகள்:

வணக்கம். அப்பாவுக்கு லெஸ்டர் கவுன்சில் கொடுத்த புளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை) இருக்கு. அடுத்த மாதம் அவரை அழைச்சிக்கிட்டு மூணு இடம் போகணும். முதல்ல கிளாஸ்கோவில் ஒரு கல்யாணம், நாலு நாள் தங்கல். அப்புறம் லண்டனில் யூஸ்டன் ரோட்டுக்குத் தெற்குப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் ஸ்கேன், வார நாள் காலையில். கடைசியா கார்டிஃபில் அத்தை வீடு. கார் என் பேரில், 2014 டீசல். ஓட்டுறதும் நான்தான். கிளாஸ்கோவில் மட்டும் சில நேரம் தம்பி காரில் போவோம்.

இங்கிலாந்தில் கொடுத்த பேட்ஜ் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அப்படியே செல்லுமா, தனியா எங்கேயாவது பதியணுமா? நிறுத்தத் தடை உள்ள மஞ்சள் கோட்டில் பேட்ஜோடு மூணு மணி நேரம் நிறுத்தலாம் என்கிற கணக்கு எல்லா ஊருக்கும் ஒண்ணுதானா? தம்பி காரில் அதே பேட்ஜை வைக்கலாமா? லண்டனில் கன்ஜெஷன் சார்ஜ் (நகர மையத்தில் ஓட்டுறதுக்கான கட்டணம்), யூலெஸ் (புகை கூடின வண்டிக்கான கட்டணம்) ரெண்டுக்கும் பேட்ஜுக்கு விலக்கு உண்டா? அபராத டிக்கெட் விழுந்தா எவ்வளவு, எங்கே முறையிடணும்? பேட்ஜ் காலாவதியாக இன்னும் ஏழு வாரம்தான் இருக்கு, அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

ஹரோக்காரன்:

தங்கச்சி, பேட்ஜ் செல்லுறது ஒரு விசயம், அந்த இடத்தில பேட்ஜுக்கு என்ன சலுகை எண்டது வேற விசயம். ரெண்டையும் ஒண்டாய் நினைக்கிறபடியால்தான் கனபேருக்கு வெளியூரில டிக்கெட் விழுது.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நாலிலயும் எந்தக் கவுன்சில் குடுத்த பேட்ஜ் எண்டாலும் செல்லும். திரும்பப் பதியத் தேவையில்லை. ஆனால் ரோட்டில எவ்வளவு நேரம் நிற்பாட்டலாம் எண்டதை நீங்கள் நிற்கிற இடத்தின்ர விதிதான் தீர்மானிக்கும். லெஸ்டர் பேட்ஜோட கிளாஸ்கோவில நிண்டால் ஸ்காட்லாந்து விதி. கிளாஸ்கோ பேட்ஜோட லெஸ்டரில நிண்டால் இங்கிலாந்து விதி.

இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் ஒற்றை மஞ்சள் கோடு, இரட்டை மஞ்சள் கோடு ரெண்டிலயும் மூண்டு மணித்தியாலம் வரைக்கும் நிற்பாட்டலாம். கார்டிஃபுக்கும் இதே கணக்குத்தான். பேட்ஜோட நீலக் கிளாக் அட்டையையும் வைக்க வேணும். வட்டத்தைச் சுத்தி, நீங்கள் வந்து நிண்ட கால் மணித்தியாலத்தைக் காட்டுங்கோ. 10:20க்கு வந்தால் 10:15க்கும் 10:30க்கும் இடைப்பட்ட கட்டம். திரும்பிப் போகிற நேரத்தை வைக்கிறது பிழை. மூண்டு மணித்தியாலம் முடிஞ்சதும் கிளாக்கை மட்டும் திருப்பி வைக்கிறதும் பிழை. அதே ரோட்டில அதே காரைத் திரும்ப நிற்பாட்ட வேணும் எண்டால் எடுத்துக்கொண்டு போய் ஒரு மணித்தியாலமாவது கழிய வேணும்.

இனி மஞ்சள் கோட்டை விட முக்கியமான ஒண்டு. நடைபாதைக் கல்லின்ர விளிம்பைப் பாருங்கோ. அதில குறுக்காக மஞ்சள் கீறல் போட்டிருந்தால் அது சாமான் ஏத்தி இறக்கத் தடை உள்ள இடம். அந்தத் தடை இருக்கிற நேரத்தில பேட்ஜ் வச்சும் நிற்பாட்டக் கூடாது. ஒற்றைக் கீறல் எண்டால் கிட்ட இருக்கிற வெள்ளைப் பலகையில எந்த நேரம் எண்டு போட்டிருக்கும். இரட்டைக் கீறல் எண்டால் எந்த நேரத்திலயும் நிற்கேலாது. ரோட்டில இரட்டை மஞ்சள் கோடு இருந்து கல்லில கீறல் இல்லாட்டில் நிற்பாட்டலாம். கல்லில கீறல் இருந்தால் கோடு ஒற்றையோ இரட்டையோ எண்டு பார்த்துப் பிரயோசனம் இல்லை. மழையில, இலைக்குள்ள, அழிஞ்ச பெயின்றில இந்தக் கீறல் தெரியாமல் போறதுதான் வழமையான சிக்கல். காரை விட்டு இறங்கி முன்னும் பின்னும் சில அடி நடந்து பாருங்கோ.

ரோட்டோரம் காசு கட்டுற பேயில (கார் நிற்பாட்டக் கோடு போட்ட இடத்தில) பேட்ஜ் வச்சால் காசும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை, பேட்ஜ்காரருக்கு எண்டு பலகையில தனி நேரம் போட்டிருந்தால் ஒழிய. வீல்செயார் படம் போட்ட பேயும் அப்பிடித்தான். சில பேயில ஒரு பெர்மிட் நம்பர் எழுதியிருக்கும், அது அந்த வீட்டுக்காரர் ஒருவருக்கு மட்டும் எண்டு ஒதுக்கினது. கார் பார்க்குக்குள்ள போனால் இந்தச் சலுகை ஒண்டும் தானாக வராது. கவுன்சில் கார் பார்க் எண்டாலும் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி: சில இடத்தில இலவசம், சில இடத்தில காசு கட்டினால் மேல ஒரு மணித்தியாலம், சில இடத்தில எல்லாரையும் போல முழுக் காசு. மெசினுக்குப் பக்கத்துப் பலகையை வாசிக்காமல் போக வேண்டாம். குடியிருப்பாளர் பே, லோடிங் பே, டாக்சி நிற்கிற இடம், ஓடுற நேரத்தில பஸ் லேன், பாடசாலை வாசல் கோடு, பாதசாரிக் கடவைக்குப் பக்கத்து நெளிவுக் கோடு இதில ஒண்டிலயும் நிற்கேலாது.

பேட்ஜ் வைக்கிற விதம்: வீல்செயார் அடையாளமும் காலாவதித் திகதியும் உள்ள பக்கம் மேல, படம் உள்ள பக்கம் கீழ. டாஷ்போர்டில, வெளியில நிண்டு வாசிக்கக் கூடியதாக. கதவை அடிச்சுச் சாத்தேக்க பேட்ஜ் சறுக்கிக் கண்ணாடிக்கும் டாஷ்போர்டுக்கும் இடையில விழுந்திடும். பூட்டின பிறகு வெளியில நிண்டு ஒருக்கா பாருங்கோ. போட்டோக்கொப்பி, ஃபோனில எடுத்த படம் ரெண்டும் செல்லாது.

தம்பியின்ர கார் பற்றிக் கேட்டீங்கள். பேட்ஜ் ஆளுக்குரியது, வாகனத்துக்குரியது இல்லை. அப்பா போறபடியால் தம்பியின்ர கார், வாடகைக் கார், டாக்சி எதிலயும் வைக்கலாம். அப்பா வீட்டில இருக்க, தம்பி அவருக்கு மருந்து வாங்கப் போறன் எண்டு பேட்ஜைக் கொண்டு போனால் அது குற்றம். ஆயிரம் பவுண்ட் வரைக்கும் கோர்ட் தண்டம், பேட்ஜும் பறிபோகும். அப்பாவை இறக்கிவிட்டிட்டு அவரைத் திரும்ப ஏத்தத்தான் நிற்கிறீங்கள் எண்டால் பிரச்சினை இல்லை.

கிளைடோரம்:

ஹரோக்காரன் அண்ணா இங்கிலாந்தையும் வேல்ஸையும் சரியா சொல்லிட்டார். ஸ்காட்லாந்தில் மஞ்சள் கோட்டுக்கு மூணு மணி நேரக் கணக்கே கிடையாது. கல்லில் கீறல் இல்லாத ஒற்றை, இரட்டை மஞ்சள் கோட்டில் பேட்ஜ் வைத்து நேர வரம்பில்லாமல் நிறுத்தலாம், பலகையில் வேறு விதமா போட்டிருந்தால் தவிர. கிளாக்கும் தேவையில்லை. வட அயர்லாந்திலும் அப்படித்தான். நீங்க கிளாக்கை வைத்தாலும் தப்பில்லை, ஆனால் அதைப் பார்த்துப் பதறி மூணு மணி நேரத்தில் ஓடிவர வேண்டாம்.

இதிலேயே இன்னொரு பக்கம் இருக்கு. ஸ்காட்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் போகிறவங்களிடம் கிளாக் இருக்காது, ஏன்னா இங்கே அது தேவைப்படுவதில்லை. கேட்டு வாங்கிக்கணும். உங்க கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரங்க யாராவது பேட்ஜோடு கூடவே தெற்கே வந்தால் சொல்லிவிடுங்க. இங்கிலாந்தில் மஞ்சள் கோட்டில் கிளாக் இல்லாத பேட்ஜ் பாதி பேட்ஜ்தான், டிக்கெட் நிச்சயம்.

கிளாஸ்கோவில் உங்களுக்கு முக்கியமானது வேறு: எல்ஈசட், அதாவது புகை குறைந்த வண்டிகளுக்கு மட்டுமான நகர மையம். 2023 ஜூன் 1 முதல் எல்லா வண்டிக்கும் அமலில் இருக்கு. எடின்பரா, டண்டீ, அபர்டீன் மூணிலும் 2024இல் வந்தது. வண்டியின் புகை அளவுத் தரம் டீசல்னா யூரோ 6, பெட்ரோல்னா யூரோ 4 இருக்கணும். 2014 டீசல் பெரும்பாலும் யூரோ 5ஆ இருக்கும், அதாவது தேறாது. லண்டன் மாதிரி ஒரு நாள் கட்டணம் கட்டி உள்ளே போகிற வழி இங்கே இல்லை. தேறாத வண்டி உள்ளே வந்தால் நேரா அபராதம்: 60 பவுண்ட், 14 நாளுக்குள் கட்டினால் 30. திரும்பத் திரும்பப் போனால் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகும், காருக்கு 480 வரை ஏறும்.

நல்ல செய்தி, புளூ பேட்ஜ் வைத்திருப்பவர் பயணம் செய்கிற வண்டிக்கு விலக்கு உண்டு. இங்கிலாந்து பேட்ஜ் என்றாலும் உண்டு. ஆனால் நம்பர் பிளேட்டைப் படிக்கிறது கேமரா, டாஷ்போர்டில் இருக்கிற பேட்ஜ் அதுக்குத் தெரியாது. அதனால் கிளம்புவதற்கு முன்னாடியே ஸ்காட்லாந்து எல்ஈசட் இணையதளத்தில் பேட்ஜ் விவரமும் வண்டி நம்பரும் பதியணும். உங்க கார், தம்பி கார் ரெண்டையும் தனித்தனியா போடுங்க. தம்பி கார் யூரோ 6ஆ இருந்தால் அவருக்கு வேண்டியதில்லை. இணையதளத்தில் நம்பர் அடித்தால் தேறுமா தேறாதா என்று உடனே காட்டும்.

நடைபாதையில் ரெண்டு சக்கரத்தை ஏற்றி நிறுத்துவது பல ஊரில் பழக்கம். ஸ்காட்லாந்தில் 2019 போக்குவரத்துச் சட்டப்படி அது தடை, 2023 டிசம்பரிலிருந்து கவுன்சில்கள் டிக்கெட் போடலாம். 100 பவுண்ட், சீக்கிரம் கட்டினால் 50. புளூ பேட்ஜுக்கு இதில் விலக்கு இல்லை. கல்யாண மண்டபம் குடியிருப்புத் தெருவில் இருந்தால் எல்லாரும் ஏற்றி நிறுத்துகிறார்களே என்று நீங்களும் ஏற்றாதீங்க. வீல்சேரில் வருகிறவர் ரோட்டில் இறங்கிப் போக வேண்டியிருப்பதால்தான் அந்தச் சட்டமே வந்தது.

நகர மையத்தில் பஸ் கேட் (பஸ் மாதிரி சில வண்டிகள் மட்டும் போகிற இடம்) உண்டு, நெல்சன் மண்டேலா பிளேஸ் பக்கம் ஒண்ணு. பேட்ஜ் அதைத் திறக்காது. சாட்நாவ் சொன்னாலும் பலகையைப் பாருங்க.

தேம்ஸ்கரை:

லண்டன் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரி இருக்கும் இடம்தான் நாட்டிலேயே மிகவும் கறாரான பகுதி, அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மத்திய லண்டனில் நான்கு இடங்களில் புளூ பேட்ஜ் திட்டம் பகுதியளவில்தான் பொருந்தும்: சிட்டி ஆஃப் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் அண்ட் செல்சி, பிறகு கேம்டனில் யூஸ்டன் ரோட்டுக்குத் தெற்கே உள்ள பகுதி. இங்கெல்லாம் மஞ்சள் கோட்டில் மூன்று மணி நேரச் சலுகை கிடையாது. இந்த இடங்களில் உள்ளூர்க்காரர்களுக்குத் தனி பேட்ஜ் உண்டு. கேம்டனில் பச்சை, வெஸ்ட்மின்ஸ்டரில் வெள்ளை, சிட்டியில் சிவப்பு, கென்சிங்டனில் ஊதா. வெளியூர்க்காரர் அதைக் கேட்டு வாங்க முடியாது. உங்களுக்கு இருப்பது பேட்ஜ்காரர்களுக்கென்று குறித்த பேக்கள், அவற்றின் பலகையில் உள்ள நேர வரம்புடன். கேம்டன் இணையதளத்தில் இந்தப் பேக்களின் வரைபடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியைச் சுற்றி மூன்று தெருக்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பே காலியாக இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஒரு தெரு தள்ளி வெஸ்ட்மின்ஸ்டருக்குள் நுழைந்துவிட்டால் விதி மறுபடியும் மாறும். அங்கே பணம் கட்டும் பேயில் நீங்கள் வாங்கிய நேரம் முடிந்த பிறகு பேட்ஜுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் முதலில் பணம் கட்டியிருக்க வேண்டும்.

யூஸ்டன் ரோடு சிவப்புக் கோட்டுச் சாலை, அதாவது வண்டி நிற்பதற்கே தடை உள்ள சாலை. பேட்ஜ் தெரிய வைத்த வண்டி அப்பாவை இறக்கிவிடவும் ஏற்றவும் அங்கே நிற்கலாம். இறங்கியதும் கிளம்பிவிட வேண்டும், உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு வருகிறேன் என்பது எடுபடாது. அங்கே அபராதம் 160 பவுண்ட், கேமராவிலும் எடுப்பார்கள். அப்பாவைத் தனியாக விட முடியாது என்றால் உங்களுடன் இன்னொருவர் வருவது நல்லது. அல்லது வாசலில் சக்கர நாற்காலியுடன் ஆள் வர முடியுமா என்று ஆஸ்பத்திரியிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

கன்ஜெஷன் சார்ஜ் வார நாளில் காலை 7 முதல் மாலை 6 வரை. 2026 ஜனவரி 2 முதல் நாளுக்கு 18 பவுண்ட். யூஸ்டன் ரோடு எல்லைக் கோடு, அதில் ஓட்டினால் கட்டணம் இல்லை. தெற்கே திரும்பினால் உள்ளே வந்துவிட்டீர்கள். புளூ பேட்ஜுக்கு முழுத் தள்ளுபடி உண்டு, ஆனால் டிஎஃப்எல்லில் (லண்டன் போக்குவரத்து அமைப்பு) அப்பாவின் பெயரில் கணக்குத் திறந்து பதிய வேண்டும். ஒரு முறை பதிவுக் கட்டணம் 10 பவுண்ட், பேட்ஜின் இரு பக்கப் படமும் கேட்பார்கள், இரண்டு வண்டிகள் வரை சேர்க்கலாம். அப்பாவுக்குச் சொந்த வண்டி இருக்க வேண்டும் என்பதில்லை. உறுதி செய்து மின்னஞ்சல் வரும் வரை தள்ளுபடி தொடங்காது, ஆகவே ஸ்கேனுக்கு இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். பதியாமல், கட்டாமல் உள்ளே போனால் 180 பவுண்ட், 14 நாளில் கட்டினால் 90.

யூலெஸ் முற்றிலும் வேறு. அதில் புளூ பேட்ஜுக்கு விலக்கே இல்லை. கிளாஸ்கோவில் விலக்குப் பெறும் அதே கார், அதே அப்பா, அதே பேட்ஜ், லண்டனில் நாளுக்கு 12.50 பவுண்ட் கட்ட வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளும் யூலெஸ்தான், கிறிஸ்துமஸ் நாள் தவிர எல்லா நாளும் 24 மணி நேரமும். நடுச்சாமத்துக்கு முன் நுழைந்து அதன் பிறகு வெளியேறினால் இரண்டு நாள் கணக்கு. பயணம் செய்த நாளுக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவு வரை கட்டலாம். வண்டி டிவிஎல்ஏவில் (வாகனப் பதிவு அலுவலகம்) மாற்றுத்திறனாளி வரி வகுப்பில் பதிவாகியிருந்தால் 2027 அக்டோபர் வரை விலக்கு உண்டு. சில உதவித்தொகை பெறுவோருக்கும் அந்தத் தேதி வரை உண்டு. அப்பா வாங்குவது எது என்பதை டிஎஃப்எல் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது தவிர, பஸ்ஸிலோ ரயிலிலோ வர முடியாத நோயாளிகளுக்குக் கன்ஜெஷன் சார்ஜையும் யூலெஸ்ஸையும் ஆஸ்பத்திரி வழியாகத் திரும்பப் பெறும் ஏற்பாடு ஒன்று உண்டு. எல்லோருக்கும் கிடைக்காது, அப்பா அதில் வருவாரா என்று ஸ்கேன் நாளிலேயே கேட்டுப் படிவம் வாங்கிவிடுங்கள்.

இன்னொரு வழியையும் யோசியுங்கள். லெஸ்டரிலிருந்து ரயில் செயின்ட் பேங்க்ராஸுக்கு நேராக வருகிறது. அங்கிருந்து அந்த ஆஸ்பத்திரிகளுக்கு டாக்சியில் சிறிது தூரம்தான். கறுப்பு டாக்சிகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறும். ரயிலில் ஏறி இறங்க உதவிக்கு முன்பதிவு செய்யலாம். அப்பாவின் உடல்நிலை இடம் கொடுத்தால் அந்த ஒரு நாளுக்குக் காரை விட இது எளிது.

மிட்லண்ட்ஸ்மகள்:

இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லை, நன்றி. அப்பாவுக்கு ரயில் படி ஏறுவது சிரமம், காரில்தான் வரணும். கூட அம்மாவையும் அழைச்சிக்கிட்டு வர்றேன், இறக்கிவிடும்போது அவங்க உள்ளே கூட்டிப் போவாங்க. டிக்கெட் பற்றி யாராவது சொல்லுங்க. கிளாஸ்கோவில் தம்பி காருக்கு விழுந்தால் யார் முறையிடணும்? பேட்ஜைக் காட்டச் சொல்லி பார்க்கிங் வார்டன் கேட்டால் கொடுக்கணுமா?

கடிதக்கட்டு:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஆமாம், காட்டியே ஆகணும். வார்டனோ போலீஸோ கேட்டால் பேட்ஜை வாங்கிப் பார்க்க அதிகாரம் உண்டு. காரணமில்லாமல் மறுத்தால் அதுவே ஆயிரம் பவுண்ட் வரை போகும் குற்றம். இங்கிலாந்தில் 2013 சட்டமும் ஸ்காட்லாந்தில் 2014 சட்டமும் தவறாகப் பயன்படுத்தப்படும் பேட்ஜை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கின்றன. அப்பா காரில் இல்லாமல், அவரை அழைத்து வரப் போகிறீர்கள் என்றால் அதை நிதானமாகச் சொல்லுங்கள், அப்பாயின்ட்மென்ட் கடிதத்தைக் காட்டுங்கள்.

தொகைகள்: லண்டனுக்கு வெளியே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலும் கடும் மீறலுக்கு 70, சிறு மீறலுக்கு 50 பவுண்ட். லண்டனில் இடத்தைப் பொறுத்து 160 வரை. ஸ்காட்லாந்தில் கவுன்சிலைப் பொறுத்து 80 அல்லது 100. எல்லாமே 14 நாளுக்குள் கட்டினால் பாதி.

டிக்கெட்டில் ஒரு எண் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். 01 என்றால் மஞ்சள் கோடு. 02 என்றால் கல்லில் கீறல் உள்ள இடம், அதாவது பேட்ஜ் அங்கே உதவவே இல்லை. 30 என்றால் அனுமதித்ததை விட அதிக நேரம். 40 என்றால் மாற்றுத்திறனாளி பேயில் பேட்ஜ் சரியாகத் தெரியவில்லை. இந்த எண்ணுக்கு ஏற்றபடிதான் வாதம் எழுத வேண்டும். 40க்கு, பேட்ஜ் கவிழ்ந்திருந்தது அல்லது சறுக்கியது என்றால், பேட்ஜின் இரு பக்கப் படமும், அன்று அப்பா அந்த இடத்துக்கு வந்ததற்கான சான்றும் அனுப்பினால் பல கவுன்சில்கள் முதல் தடவை விட்டுவிடுகின்றன. அது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. அதனால் கோபமாக எழுதாமல் ரத்து செய்யும்படி கேட்டு எழுதுங்கள். 02க்கு அப்பாவின் நோயை இரண்டு பக்கம் விவரித்தாலும் பயனில்லை. கீறல் அழிந்திருந்தது, பலகை மரத்தால் மறைந்திருந்தது என்று படம் இருந்தால் மட்டுமே எடுபடும். எனவே டிக்கெட் கண்டவுடன் காரை எடுக்காமல் நான்கு படம் எடுங்கள்: கண்ணாடி வழியாக டாஷ்போர்டு, சக்கரத்துக்குப் பக்கத்துக் கல், கிட்ட உள்ள பலகை, தெருவோடு சேர்த்து முழுக் கார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வரிசை இப்படி. கண்ணாடியில் ஒட்டிய டிக்கெட்டுக்கு 14 நாளுக்குள் மறுப்பு எழுதுங்கள். அதற்குள் எழுதினால், அவர்கள் மறுத்தாலும் பாதித் தொகையை மறுபடி 14 நாளுக்குத் தருவது பொதுவான வழக்கம். மறுத்த பிறகும் போராட நினைத்தால் கட்டாமல் காத்திருங்கள். 28 நாள் கழிந்ததும் வண்டிக்காரர் பெயருக்கு நோட்டீஸ் டு ஓனர் வரும். அதற்கு 28 நாளுக்குள் முறையான எதிர்ப்பு. கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் உங்கள் எதிர்ப்பை ஏற்றதாகவே பொருள். மறுத்தால் 28 நாளுக்குள் தீர்ப்பாயம், கட்டணம் கிடையாது: லண்டன் டிக்கெட்டுக்கு லண்டன் டிரிப்யூனல்ஸ், மற்ற இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் டிராஃபிக் பெனால்டி டிரிப்யூனல். ஸ்காட்லாந்து டிக்கெட் ஸ்காட்லாந்தின் ஃபர்ஸ்ட்-டயர் டிரிப்யூனலுக்குப் போகும். நீங்கள் லெஸ்டரில் இருக்கிறீர்கள் என்பதற்காக லெஸ்டரில் முறையிட முடியாது. பணம் கட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடும், கட்டிவிட்டுப் பிறகு வாதாட முடியாது. நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விட்டால் தொகை பாதி கூடும், அதன் பின் ஆள் வைத்து வசூலிப்பார்கள்.

தம்பி காருக்கு விழுந்தால் கடிதங்கள் தம்பி பெயருக்கே வரும், எதிர்ப்பும் அவர் பெயரில் போக வேண்டும். பேட்ஜ் படத்தை அப்பா கொடுத்து உதவலாம். வாடகைக் கார் என்றால் நோட்டீஸ் கம்பெனிக்குப் போய், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் உங்கள் கார்டில் பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள். 14 நாள் அதற்குள் ஓடிவிடலாம்.

ஹரோக்காரன்:

ஒண்டு விட்டுப்போச்சு. நெடுஞ்சாலை சர்விஸ் (வழியில இளைப்பாறுற இடம்), சூப்பர்மார்க்கெட், ஹோட்டல் கார் பார்க் எல்லாம் தனியார் நிலம். அங்க புளூ பேட்ஜ் சட்டம் இல்லை, அவையின்ர பலகைதான் விதி. கிளாஸ்கோ போற வழியில சர்விஸில ரெண்டு மணித்தியாலம்தான் இலவசம், கேமரா நுழைவையும் வெளியேற்றத்தையும் கணக்கெடுக்கும். அப்பாவுக்கு இளைப்பாற நேரம் கூட வேணும் எண்டால் உள்ளுக்குப் போய் மேசையில கேட்டு வண்டி நம்பரைப் போடச் சொல்லுங்கோ. வாற கடிதமும் கவுன்சில் டிக்கெட் போலவே இருக்கும், ஆனால் அது கொம்பனி அனுப்புற பில், 100 பவுண்ட் வரைக்கும். முதல்ல அந்தக் கொம்பனிக்கு 28 நாளுக்குள்ள எழுத வேணும், மறுத்தால் கடிதத்தில போட்டிருக்கிற மேல்முறையீட்டு அமைப்புக்கு. இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் நடக்கச் சிரமப்படுறவருக்கு நியாயமான மாற்றம் செய்து குடுக்க வேண்டிய கடமை 2010 சமத்துவச் சட்டத்தில இருக்குது, கூட நேரமும் அதில அடங்கலாம் எண்டதை எழுதுங்கோ. ஸ்காட்லாந்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

பேட்ஜ் புதுப்பிக்கிறதை இண்டைக்கே தொடங்குங்கோ. அது தானாகப் புதுசாகாது, முழு விண்ணப்பம் திரும்பப் போட வேணும், கவுன்சில் முடிவெடுக்க 12 கிழமையோ அதுக்கு மேலயோ செல்லலாம். உங்களிட்ட ஏழு கிழமைதான். காலாவதியான பேட்ஜ் எந்த ஊரிலயும் செல்லாது, விண்ணப்பம் போட்டிருக்கிறன் எண்ட கடிதம் அதுக்குப் பதிலில்லை. இங்கிலாந்தில கட்டணம் 10 பவுண்டுக்கு மேல கேட்கேலாது. அதை விடக் கூடக் கேட்கிற இணையதளம் எண்டால் அது இடைத்தரகர், கவுன்சிலின்ர பக்கம் இல்லை.

தேம்ஸ்கரை:

அதோடு ஒன்று: புது பேட்ஜ் வந்தால் எண் மாறும். டிஎஃப்எல் கணக்கிலும் கிளாஸ்கோ எல்ஈசட் பதிவிலும் புது எண்ணைப் போட வேண்டும். உங்கள் மூன்று பயணமும் பழைய பேட்ஜிலேயே முடிந்துவிடும் என்றால், இரண்டையும் இப்போது பழைய எண்ணில் பதிந்து, புதியது கைக்கு வந்த அன்று மாற்றிவிடுங்கள். பயணத்துக்கு நடுவில் புதியது வீட்டுக்கு வந்தாலும் உங்கள் கையில் இருக்கும் பழையதன் தேதி வரை அதைத்தான் வைக்க வேண்டியிருக்கும், எனவே புதியது வரும் கடித உறையில் பழையதை உடனே திருப்பி அனுப்பும்படி ஏதாவது தேதி போட்டிருக்கிறதா என்று வீட்டில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.